சன்ரூஃப் சத்தம்: தேடிப் பிடித்துச் சரிசெய்ய ஒரு கடற்கரை வழிகாட்டி

பத்து லட்சம் ரூபாய்க்குள் கிடைக்கும் கார்களிலேயே இப்போது சன்ரூஃப் வந்துவிட்டது. ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களிலும் அந்த மாதிரி வண்டிகள் நிறைய ஓடுகின்றன. புதிதில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கொஞ்ச காலம் ஓடிய பிறகு, வேகத்தடையில் இறங்கும்போது தலைக்கு மேலே ஒரு கடகடப்பு கேட்கும். இல்லையென்றால் வீட்டு வாசல் சாய்தளத்தில் ஏறும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் வண்டியில் வேறு எதுவுமே கேட்காது.

சன்ரூஃப் வண்டி புதிதாக வாங்கியவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். இந்தச் சத்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. நம் பக்கத்தில் உப்பு, மணல், வெயில் மூன்றும் சேர்ந்து ரப்பரையும் தண்டவாளத்தையும் படுத்துகின்றன. அவற்றைச் சுத்தமாக எடுத்தாலே பல சத்தங்கள் நின்றுவிடும். ஆனால் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் கேட்க வேண்டும், பிறகு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு சுத்தம், அதற்கும் பிறகுதான் மசகு. ஸ்க்ரூ டிரைவர் கடைசி. நேராகக் கூரையின் உள்பக்க உறையான ரூஃப் லைனிங்கைக் கழற்றுபவர்கள் பழைய சத்தத்தோடு இரண்டு புதுச் சத்தங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

மேலே என்னென்ன இருக்கிறது

பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். நடுவில் கண்ணாடி. அதைச் சுற்றி ரப்பர் பீடிங். கண்ணாடியின் இரு பக்கமும் இரண்டு அலுமினியத் தண்டவாளங்கள், அவற்றுக்குள் வழுக்கிப் போகும் சிறிய பிளாஸ்டிக் காலணிகள். மோட்டார் ஒன்று, பல் வைத்த கேபிள்களைத் தள்ளியும் இழுத்தும் அந்தக் காலணிகளை நகர்த்துகிறது. கண்ணாடியைத் திறந்தால் முன்விளிம்பில் வலை வைத்த ஒரு சட்டம் எழும்பி நிற்கும், அது காற்றுத் தடுப்பு. உள்பக்கம் வெயில் மறைக்கும் திரை. இத்தனைக்கும் கீழே தண்ணீர் ஓடும் வாய்க்கால், அதன் நான்கு மூலையிலும் வடிகால் குழாய்கள்.

மழைத்தண்ணீரை ரப்பர் முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும், அதை வெளியேற்றவே அந்த வாய்க்காலும் குழாயும். கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக இருக்கும் பனோரமிக் சன்ரூஃபில் பெரும்பாலும் முன்கண்ணாடி மட்டும் நகரும், பின்கண்ணாடி ஒட்டியே இருக்கும். மற்றபடி அமைப்பு இதேதான்.

சத்தம் சன்ரூஃபுடையதுதானா?

நம் இரண்டு காதுகளும் இடம் வலமாக அமைந்திருப்பதால், சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சரியாகச் சொல்லிவிடுவோம். மேலே, கீழே, முன்னால், பின்னால் என்பதில்தான் தடுமாறுவோம். மூடிய காருக்குள் சத்தம் கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி வேறு குழப்புகிறது. அதனால் "மேலேயிருந்து வருகிறது" என்பதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தேவிபட்டினத்தில் என் உறவுக்காரர் ஒருவர், "மாப்ள, மேல கண்ணாடி ஆடுது, மதுரைக்குத்தான் கொண்டு போகணும் போல" என்று வண்டியோடு வந்தார். ஓட்டிப் பார்த்தால், யாரும் உட்காராத பின்சீட்டின் பெல்ட் கொக்கி கதவுத் தூணில் மோதிக்கொண்டிருந்தது. பெல்ட்டை மாட்டிவிட்டதும் சத்தம் நின்றது.

எனவே வண்டியை முதலில் காலி செய்யுங்கள். கூலிங்கிளாஸ் வைக்கும் மேல்பெட்டி, கதவுப் பைகள், டிக்கி, ஸ்டெப்னி மேலிருக்கும் ஜாக்கி, குழந்தைகளின் பொம்மை, சில்லறைக் காசு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ருத்ராட்சமோ, தஸ்பீஹோ, செபமாலையோ, முன்கண்ணாடியில் தொங்குவது எதுவானாலும் சோதனை முடியும்வரை பத்திரமாக எடுத்து வையுங்கள். காலி சீட் பெல்ட்டுகளை மாட்டிவிடுங்கள். வெயில் மறைப்பான் இரண்டையும் கொக்கியில் சரியாகச் சொருகுங்கள். டேஷ்கேம் இருந்தால் அதன் வயர் லைனிங்குக்குள் தளர்வாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். வெளியே ரூஃப் ரெயில், சுறாத்துடுப்பு ஆன்டெனா இரண்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

டயர் காற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அளவுக்கு மேல் காற்று இருந்தால் சாலையின் ஒவ்வொரு கல்லும் கூரைவரை வந்து சேரும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கிறது. டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்குக் கொண்டு வந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேட்கும் ஓட்டம்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து கேட்கட்டும். ஓட்டுபவர் மேலே பார்த்துக்கொண்டு தேடுவது ஆபத்து. ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்துவிட்டு ஜன்னல்களை மூடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலை இதற்கு உதவாது, அங்கே வேகமும் காற்றும் சேர்ந்து சின்னச் சத்தங்களை விழுங்கிவிடும். பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஒரே சீராக டப் டப்பென்று அதிர்வு வருவது உண்மைதான், ஆனால் அங்கே மெதுவாகப் போய் நின்று கேட்பது மற்றவர்களுக்கு இடைஞ்சல். உச்சிப்புளி, பெருங்குளம் பக்கம் ஊருக்குள் பிரிந்து போகும் கிளைச் சாலைகள் மாதிரி, ஆள்நடமாட்டம் குறைந்த, கொஞ்சம் பெயர்ந்த சாலை போதும். மணிக்கு 20 முதல் 30 கி.மீ. வேகம். அதே சாலை, அதே வேகம், ஒவ்வொரு முறையும்.

அந்த ஓட்டத்தை நான்கு நிலைகளில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்: கண்ணாடியும் திரையும் மூடி, கண்ணாடி மூடித் திரை மட்டும் திறந்து, கண்ணாடியின் பின்விளிம்பை மட்டும் தூக்கி, கடைசியாகக் கண்ணாடியை முழுவதும் திறந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது நிறுத்தியது என்று தெரியாமல் போய்விடும்.

திரையைத் திறந்ததும் சத்தம் நின்றால் அது திரையின் சத்தம். பின்விளிம்பைத் தூக்கியதும் நின்றால், கண்ணாடி ரப்பரில் உட்காரும் இடத்தில்தான் கோளாறு. தூக்கிய பிறகும் தொடர்ந்தாலோ கூடினாலோ தண்டவாளத்தையும் காலணிகளையும் பார்க்க வேண்டும். முழுவதும் திறந்தால் மட்டும் வருவது காற்றுத் தடுப்புச் சட்டத்திலிருந்து. நான்கு நிலையிலும் மாறாமல் ஒரே மாதிரி வந்தால் சன்ரூஃபை விட்டுவிட்டு மேல்விளக்குப் பெட்டி, கைப்பிடி, லைனிங் கிளிப் பக்கம் போங்கள்.

சத்தத்தின் தன்மையும் நிறையச் சொல்லும். கிறீச் என்றால் உலர்ந்த ரப்பர் கண்ணாடியிலோ பெயின்டிலோ உரசுகிறது. கடகட என்றால் கெட்டியான இரண்டு பொருள்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது. சாய்தளத்தில் கோணலாக ஏறும்போது மட்டும் ஒரே ஒரு டக், அல்லது ஒரு முனகல் வந்தால், வண்டியின் உடல் லேசாக முறுக்கும்போது கண்ணாடிச் சட்டம் நகர்கிறது என்று அர்த்தம். கூரையில் இவ்வளவு பெரிய திறப்பு வைத்த வண்டி கொஞ்சம் முறுக்கத்தான் செய்யும், அதனால் பயப்பட வேண்டாம். பிரேக் போடும்போது களக் களக் என்று தண்ணீர் அலைவது கேட்டால் வடிகால் அடைத்திருக்கிறது. அன்றே கவனியுங்கள், இல்லாவிட்டால் லைனிங் நனைந்துவிடும்.

வெயிலில் நின்ற வண்டியில் ஏசி போட்ட முதல் சில நிமிடங்கள் கூரையில் டிக் டிக் என்று கேட்பது வேறு கதை. கொதித்த தகடும் பிளாஸ்டிக்கும் குளிர்ந்து சுருங்கும் சத்தம் அது, தானாக அடங்கிவிடும். வெப்பத்துக்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருப்பதால் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வரும் சத்தத்தை மத்தியான வெயிலில் தேடினால் அகப்படாமல் போகலாம்.

சன்ரூஃபுடையதுதான் என்று முடிவானதும் கைச்சோதனை. சத்தம் வரும் சாலையில், கண்ணாடியை மூடித் திரையைத் திறந்து வைத்து, பின்னால் இருப்பவர் உள்ளங்கையால் கண்ணாடியை மெல்ல மேல்நோக்கி அழுத்தட்டும். ஒவ்வொரு மூலையாக அழுத்தட்டும். எந்த மூலையை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் நம் இடம். பலமாகத் தள்ளக் கூடாது, கண்ணாடி நகரும்போது விரலை இடுக்கில் வைக்கவும் கூடாது. போனில் ஒலியோடு ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சர்வீஸ் சென்டரில் உதவும்.

விசில் அடித்தால்

பள்ளம் மேட்டில் வராமல், வேகம் கூடும்போது மட்டும் விசிலோ ஊளையோ வந்தால் அது காற்று. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்தி வைப்பது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட காற்று வீசும் ஊர் நம்முடையது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பக்கவாட்டுக் காற்றில் நல்ல வண்டியும் கொஞ்சம் ஊதும். அதனால் காற்று அடங்கிய விடியற்காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்போதும் விசில் வந்தால் பெயின்ட் கடையில் கிடைக்கும் மாஸ்கிங் டேப்பை வாங்கி, வெளியிலிருந்து கண்ணாடிக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடுக்கைச் சுற்றிலும் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றால் காரணம் ரப்பரோ கண்ணாடியின் உயரமோதான். ஒவ்வொரு பக்கமாக டேப்பை உரித்து ஓட்டினால் எந்தப் பக்கம் என்பதும் தெரிந்துவிடும். உச்சி வெயிலில் டேப்பை விட்டுவைக்காதீர்கள், பசை பெயின்டில் ஏறிவிடும்.

சன்ரூஃபைத் திறந்து போகும்போது காது அடைப்பது போலக் கும் கும் என்று காற்று துடிப்பது கோளாறே இல்லை. பின் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் நின்றுவிடும்.

சுத்தம்: இங்கேதான் பாதி வேலை முடியும்

தனுஷ்கோடிக்குப் போய் வந்த வண்டியின் சன்ரூஃப் வாய்க்காலைப் பார்த்திருக்கிறீர்களா? முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனைவரை சாலையின் இரு பக்கமும் கடலும் மணலும்தான். அங்கே கண்ணாடியைத் திறந்து வைத்துப் போவது எல்லாருக்கும் ஆசை. அந்தப் பொடி மணல் நேராகத் தண்டவாளத்தில் இறங்கி, அங்கிருக்கும் கிரீஸில் ஒட்டிக்கொள்கிறது. கிரீஸும் மணலும் சேர்ந்த கலவை சாணைக்கல் வேலையைச் செய்யும். ஒவ்வொரு முறை கண்ணாடி நகரும்போதும் பிளாஸ்டிக் காலணி கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், இடைவெளி விழும், கடகடப்பு பிறக்கும். இதனால்தான் சுத்தம் செய்யாமல் மேலே மேலே கிரீஸ் போடுவது கெடுதல் என்கிறேன்.

கண்ணாடியை முழுவதும் திறந்து வைத்து, இக்னிஷனை அணைத்து, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கை உள்ளே இருக்கும்போது வேறு யாரும் பட்டனை அழுத்திவிடக் கூடாது. நிழலில், காற்று இல்லாத நேரத்தில் செய்யுங்கள்.

உலர்ந்த மணலைத் துணியால் துடைக்கவே கூடாது. பெயின்டில் கீறல் விழும், மணலும் இன்னும் உள்ளே போகும். முதலில் வேக்குவம் கிளீனர், அதோடு மெல்லிய பெயின்ட் பிரஷ். பிரஷால் கிளப்பிவிட்டு வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். வாய்க்கால், தண்டவாளத்தின் இரு முனைகள், காற்றுத் தடுப்பின் வலை மடியும் இடம், கண்ணாடியின் பின்விளிம்பு உள்ளே போய் நிற்கும் இடம், இந்த நான்கிலும் மணல் தங்கும். வலையில் சிக்கிய மணல் சட்டம் மடியும்போது நறநறக்கும்.

அடுத்து ஈரத்துணி. இங்கே தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அதில் துடைத்தால் உப்பை எடுக்கிற பெயரில் புது உப்பைப் பூசுகிறோம், காய்ந்ததும் ரப்பரில் வெள்ளைப் படலம் தெரியும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படாது. கார் ஷாம்பு சில துளி விட்டு, பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ரப்பரைச் சுற்றி வாருங்கள். ரப்பரின் உதட்டை விரலால் புரட்டி உள்மடிப்பையும் துடையுங்கள், கிறீச் சத்தத்தின் உப்புப் பொடி அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி, கடைசியாக உலர்ந்த துணி.

தண்டவாளத்தில் கறுத்துப்போன பழைய கிரீஸைத் துணி சுற்றிய ஐஸ் குச்சியால் வழித்து எடுங்கள். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் ஆகாது.

வடிகாலையும் இப்போதே முடித்துவிடலாம். சீமைக் கருவேலத்தின் அடியிலோ வேப்பமரத்தின் அடியிலோ வண்டி நிறுத்துபவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது. கருவேலத்தின் பொடி இலைகள் வடிகால் வாயில் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும். முன்மூலை வடிகாலில் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக விடுங்கள். முன்சக்கரத்தின் பக்கமோ கதவுக் கீல் பக்கமோ கொஞ்ச நேரத்தில் சொட்ட வேண்டும். தண்ணீர் தேங்கி நின்றால் தடித்த தங்கூசி நரம்பு ஒன்றை எடுங்கள், நம் ஊர்களில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். நுனியை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, ஆறியதும் சுழற்றிக்கொண்டே மெல்ல உள்ளே விடுங்கள். முட்டினால் பலவந்தம் செய்யாமல் வெளியே எடுத்து மறுபடி விடுங்கள்.

பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை இந்தக் குழாயில் அடிக்கவே அடிக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் குழாய் மேலே கழன்றுவிடும். பிறகு மழைத்தண்ணீர் தூணுக்குள் இறங்கும், கழன்ற குழாயும் உள்ளே தட்டிக்கொண்டே இருக்கும்.

சுத்தம் முடிந்ததும் கிரீஸ் டப்பாவைத் திறக்காமல் ஒருமுறை அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

மசகு: எதற்கு எது

ரப்பருக்கு ஒன்று, தண்டவாளத்துக்கு வேறொன்று. இரண்டுக்கும் ஒரே டப்பா என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சன்ரூஃப் பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். தாது எண்ணெய் பட்டால் அது ஊறி உப்பி வடிவம் கெடும். அதனால் என்ஜின் ஆயில், வாஸலின், துரு எடுக்கும் ஸ்பிரே எதுவும் அதில் படக் கூடாது. தேங்காய் எண்ணெய் தடவுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாள் சத்தம் நிற்கும், அப்புறம் பிசுபிசுத்து ஊரிலுள்ள புழுதியையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். ரப்பருக்கென்றே விற்கும் பராமரிப்புத் திரவம், அல்லது நல்ல சிலிக்கான் கிரீஸ், இரண்டில் ஒன்று போதும். துணியில் எடுத்து மிக மெல்லிதாகத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். விரலால் தொட்டால் ஈரம் தெரியக் கூடாது. ஸ்பிரேயாக இருந்தாலும் துணியில் அடித்துத்தான் தடவ வேண்டும். நேராக அடித்தால் முன்கண்ணாடியில் படிந்து, மழையில் வைப்பர் போடும்போது மங்கலாக்கும். ரப்பரின் மேல் வெல்வெட் போலப் பொடிப் பஞ்சு ஒட்டிய பகுதி இருந்தால் அதில் எதையும் தடவாமல் சுத்தமாக மட்டும் வையுங்கள்.

தண்டவாளத்துக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ்தான் வேண்டும். எது என்று வண்டியின் கையேட்டிலோ சர்வீஸ் சென்டரிலோ கேட்டு அதையே வாங்குங்கள். காலணி ஓடும் பாதையில் மட்டும் படலமாகப் பூசி, கண்ணாடியைச் சில முறை திறந்து மூடி, முனையில் ஒதுங்கும் கிரீஸை வழித்துவிடுங்கள். நம் கடற்கரையில் கிரீஸ் குறைவாக இருப்பதே நல்லது.

இதன் பிறகு ஒரு தாள் சோதனை. கண்ணாடியைத் திறந்து விளிம்பில் ஒரு துண்டுத் தாளை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் பல இடங்களில் இப்படிச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிடிப்பு இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தாள் தானாக நழுவினால், அங்கே ரப்பர் அமுங்கிப்போயிருக்கிறது அல்லது கண்ணாடி சரியாக உட்காரவில்லை.

சின்னச் சின்ன ஒட்டு வேலைகள்

திரைதான் சத்தம் என்றால், அது மோதி நிற்கும் முனையில் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டினால் தீர்ந்தது. காற்றுத் தடுப்புச் சட்டம் மடிந்து படுக்கும் இடத்துக்கும் அதே வைத்தியம். மேல்விளக்குப் பெட்டி தட்டினால், அதற்குள் போகும் வயர் இணைப்பைச் சுற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் துணி டேப் வாங்குங்கள். சாதாரண இரட்டைப் பக்க ஃபோம் டேப் நம் வெயிலுக்கு நிற்காது, பசை உருகி வழியும்.

கதவுகளுக்கு மேலே, கூரையின் இரு ஓரத்திலும் பல வண்டிகளில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. அந்தப் பகுதியின் லைனிங்கையும் தூண் மூடிகளையும் வீட்டில் நெம்ப வேண்டாம், உள்ளே பஞ்சோ டேப்போ திணிக்கவும் வேண்டாம். விபத்தில் ஏர்பேக் விரிய வேண்டிய வழி அது.

கண்ணாடி ஸ்க்ரூ: கடைசி வேலை

கைச்சோதனையில் ஒரு குறிப்பிட்ட மூலை அகப்பட்டிருந்தால் மட்டுமே இங்கே வாருங்கள். வாரன்டி இருக்கும் வண்டியென்றால் தொடவே வேண்டாம்.

பல வண்டிகளில் திரையைத் திறந்து கண்ணாடியின் பக்கவாட்டு மூடியை எடுத்தால் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் தெரியும். சரியான அளவு பிட் வேண்டும், ஒப்பேற்றினால் தலை தேய்ந்துவிடும். முதலில் இப்போதிருக்கும் நிலையை மார்க்கரால் கோடு போட்டுக் குறியுங்கள். பிறகு தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தளர்ந்திருந்தால் கோடு மாறாமல் கையால் இறுக்குங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது வண்டிக்கு வண்டி மாறும், அந்த அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பலம் காட்டுகிற இடம் இது இல்லை.

உயரத்தைப் பார்க்க ஏடிஎம் கார்டு போதும், அதன் தடிமன் 0.76 மி.மீ. பொதுவாகக் கண்ணாடியின் முன்விளிம்பு கூரையோடு சமமாகவோ ஒரு மி.மீ.க்குள் தாழ்ந்தோ இருக்கும், பின்விளிம்பு சமமாகவோ அதே அளவு உயர்ந்தோ இருக்கும். கார்டை மேலே படுக்க வைத்து நகர்த்தினால் மேடும் தாழ்வும் விரலுக்குத் தெரிந்துவிடும். முன்விளிம்பு தூக்கி நின்றால் காற்று விசிலடிக்கும். உயரத்தை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரு மூலை, அதுவும் கொஞ்சமாக. அதற்குப் பிறகு மறுபடி தாள் சோதனை.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ மோட்டாரைத் தொட்டாலோ சன்ரூஃப் தன் தொடக்க நிலையை மறந்துவிடலாம். பாதியில் நிற்கும், மூடும்போது திரும்பத் திறக்கும். பெரும்பாலான வண்டிகளில் மூடும் பட்டனை அழுத்திப் பிடித்தால் கண்ணாடி ஒருமுறை முழுச் சுற்று போய்வந்து நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். உங்கள் வண்டிக்கான முறையைக் கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். அந்தச் சுற்றின்போது இடுக்கில் கையோ துணியோ இருக்கக் கூடாது, குழந்தைகளை வண்டியை விட்டு இறக்கிவிடுங்கள்.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்

கண்ணாடி ஒரு பக்கம் முந்தி ஒரு பக்கம் பிந்திக் கோணலாக நகர்ந்தால் காலணியோ கேபிளோ போயிருக்கிறது. மூடிவிட்டு, அதோடு பட்டனைத் தொடாதீர்கள். மோட்டார் முக்கி முனகினாலும் அப்படித்தான். கண்ணாடி விளிம்பில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் சும்மா விடக் கூடாது. இது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி, விளிம்பில் அடிபட்டால் பிறகொரு நாள் மொத்தமாக உதிரலாம். லைனிங்கில் ஈரக்கறை தெரிந்தாலும் நேராக சர்வீஸ் சென்டர்தான்.

சில கம்பெனி வண்டிகளுக்கு ராமநாதபுரத்திலேயே சர்வீஸ் இருக்கும், மற்றவர்கள் மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அவ்வளவு தூரம் போய் "மேலே ஏதோ சத்தம்" என்று மட்டும் சொன்னால், நல்ல சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு "ஒன்றும் இல்லையே சார்" என்று அனுப்பிவிடுவார்கள். எந்த மூலை, எந்த நிலையில் வருகிறது, எந்த நிலையில் நிற்கிறது, எந்த நேரத்தில், எந்த வேகத்தில் என்று எழுதிக் கொடுங்கள். வீடியோவைக் காட்டுங்கள். அட்வைசரை உங்கள் வண்டியில் உட்காரவைத்து, சத்தம் வரும் மாதிரிச் சாலையில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் அதே சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு பில்லைக் கட்டுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை

கச்சான் தொடங்கும் முன் சித்திரையில் ஒருமுறை, வாடை மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை, மேலே சொன்ன சுத்தமும் மெல்லிய மசகும் போதும். புரட்டாசிச் சுத்தத்தில் வடிகாலை மட்டும் விட்டுவிடாதீர்கள், அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை பெய்யும் மழையில் உள்ளே வருவது அத்தனையும் அந்த நான்கு குழாய் வழியாகத்தான் போக வேண்டும். தனுஷ்கோடி, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலோரம் சுற்றி வந்த நாளில் வீடு சேர்ந்ததும் கண்ணாடியைத் திறக்கும் முன் மேலே ஒருமுறை ஈரத்துணி போடுங்கள். இல்லையென்றால் கண்ணாடியின் மேல் படிந்த மணல் அப்படியே உள்ளே சரியும். சன்ரூஃபை அதிகம் பயன்படுத்தாதவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது காற்றில்லாத நேரத்தில் முழுவதும் திறந்து மூடுங்கள். மாதக்கணக்கில் ஒரே நிலையில் அமுங்கிக் கிடக்கும் ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.